ஃபுளோரன்ஸில் மூன்று நாள்: வழிகாட்டியோடு போவதா, நாமே சுற்றுவதா?

தென்றல்வழி | பிப்ரவரி 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் நடுவில் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் மூன்று முழு நாள் தங்குகிறோம். நான், என் அம்மா, என் மகள். அம்மாவுக்கு 67 வயது, வலது முழங்காலில் வலி உண்டு. மகளுக்கு 12. அம்மா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. அந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பம், மறுமலர்ச்சிக் காலம் என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவர், இப்போதுதான் முதல்முறையாக அந்த ஊரைப் பார்க்கப் போகிறார். அதனால் இந்தப் பயணம் ஏனோதானோவென்று முடிந்துவிடக் கூடாது என்று எனக்கு ரொம்பவே இருக்கிறது.

இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது. "ஒரே நாளில் முழு ஃபுளோரன்ஸ்" என்று ஒன்று. காலையில் அக்காடெமியா அருங்காட்சியகத்தில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை, அப்புறம் பேராலயம், மதியம் உஃபிட்ஸி ஓவியக்கூடம், மாலையில் போபொலி தோட்டம். எல்லாவற்றுக்கும் வழிகாட்டி உண்டு. இன்னொன்று இரண்டு மணி நேரத் தெருநடை மட்டும். மூன்றாவது, தனி வழிகாட்டி. நாம் மட்டும்தான், ஆனால் காசு பல மடங்கு. போனவர்கள் சொல்லுங்கள். எதற்கு வழிகாட்டி வேண்டும், எதற்கு வேண்டாம்?


மாடிப்படி | பிப்ரவரி 9, இரவு 10.15

முதலில் முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படி. மின்தூக்கி கிடையாது. மேலே போகப் போக வழி குறுகும், நடுவில் உட்கார இடமில்லை. பக்கத்திலிருக்கும் ஜொட்டோ மணிக்கோபுரம் 414 படி, அதற்கும் மின்தூக்கி இல்லை. "குவிமாடம் ஏறுதல் உட்பட" என்று இருக்கிற எந்தச் சுற்றுலாப் பொதியையும் அம்மாவுக்கு வாங்காதீர்கள். நீங்களும் மகளும் ஏறலாம், ஆனால் நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது.


ஆர்னோக்கரை | பிப்ரவரி 10, காலை 6.50

படிப்புக்காக வந்து ஆறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களை அழைத்துக்கொண்டு எத்தனை முறை சுற்றினேன் என்று கணக்கில்லை. என் கருத்தை நேராகச் சொல்கிறேன் அக்கா: வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசைத் தெருவில் செலவழியுங்கள்.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பெயர் இருக்கிறது, வருடம் இருக்கிறது. ஒலிவழிகாட்டி கிடைக்கிறது. தெருவில் எதுவும் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் யாராவது கை காட்டாமல் நம் கண்ணில் படாது.

ஒரு இடம் சொல்கிறேன். சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் பக்கத்தில் நேரி தெருவும் சான் ரெமிஜியோ தெருவும் சந்திக்கிற மூலை. சுவரில் இரண்டு கல்வெட்டு. பழைய கல்லில் ஒரு கை செதுக்கியிருக்கும். விரல் அலை அலையான ஒரு கோட்டைக் காட்டும். 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு அந்த உயரம் வரை வந்தது. அதற்கும் மேலே இன்னொரு பலகை, 1966 நவம்பர் 4. அதே தேதி, 633 வருட இடைவெளி. இரண்டாவது பலகையைப் பார்க்கக் கழுத்தை நன்றாக நிமிர்த்த வேண்டும். கீழே கடைக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

இந்த ஒரு மூலையில் நின்றபடி பாதி ஊரைச் சொல்லிவிடலாம். 1333 வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனதால்தான் இன்று எல்லோரும் படம் எடுக்கிற போன்டே வெக்கியோவை 1345இல் கட்டினார்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரின் மற்ற பாலங்களை எல்லாம் தகர்த்தபோது தப்பியது அது ஒன்றுதான். 1966 வெள்ளம் சாந்தா குரோச்சேவுக்குள் புகுந்து சிமாபுவேயின் சிலுவை ஓவியத்தில் சுமார் 60 சதவீத வண்ணத்தை உரித்துவிட்டது. பேராலயத்துக்கு எதிரே உள்ள ஞானஸ்நான மண்டபத்தின் தங்கக் கதவிலிருந்து ஐந்து பலகைகளைப் பெயர்த்தது. நாடெங்கிலும் வெளிநாட்டிலுமிருந்து இளைஞர்கள் வந்து சேற்றில் இறங்கி நூலகத்துப் புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். அவர்களை இந்த ஊர் இன்றும் "சேற்றுத் தேவதைகள்" என்றுதான் அழைக்கிறது. நல்ல வழிகாட்டி இந்த மூலையில் பத்து நிமிடம் நிற்பார். மோசமானவர் இதைத் தாண்டிப் போய்விடுவார்.

எனவே முதல் நாள் காலையில் இரண்டு மணி நேரத் தெருநடை, சின்னக் குழு. ஊரின் நடுப்பகுதி சமதரைதான், அம்மா நடப்பார். ஆனால் எல்லாம் கல் பாவிய தரை. செருப்பு வேண்டாம், நல்ல காலணி போடச் சொல்லுங்கள். "ஒரே நாளில் முழு ஃபுளோரன்ஸ்" மட்டும் வேண்டவே வேண்டாம். உஃபிட்ஸி ஒன்றே அரை நாளைத் தின்றுவிடும்.


கல்தூண் | பிப்ரவரி 10, பகல் 1.05

ஆர்னோக்கரை சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். என் அனுபவம் வேறு.

இரண்டு வருடம் முன்பு அப்பாவோடு போனேன். "வரிசையில் நிற்காமல் நுழையலாம்" என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு நிறுவனத்தில் உஃபிட்ஸிக்குப் பதிவு செய்தோம். 28 பேர். வழிகாட்டி கையில் மடக்கிய குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வரிசை இல்லை என்றார்களே, பாதுகாப்புச் சோதனை வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். பிறகுதான் புரிந்தது, அவர்கள் விற்றது நேரம் குறித்த சாதாரண முன்பதிவுச் சீட்டு. அதை அருங்காட்சியகத்தின் தளத்திலேயே நாமே எடுத்திருக்கலாம். சோதனை எல்லோருக்கும் உண்டு. அதை யாராலும் தாண்ட முடியாது.

உள்ளே ஒன்றரை மணி நேரத்தில் முப்பது அறைக்கு மேல். வழிகாட்டி பேசுவதைக் கேட்க அப்பாவுக்குக் கொடுத்த காதுக்கருவி நடுவில் நின்றுவிட்டது. அவர் அதைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் குழு அடுத்த அறைக்குப் போய்விட்டது. பொத்திச்செல்லியின் "வீனஸின் பிறப்பு" ஓவியத்தின் முன்னால் அவருக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம், அதுவும் முன்னால் ஆறு வரிசைத் தலைகள். அவர் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை நான் தனியாக உட்கார்ந்து அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் சொல்கிறேன்: வழிகாட்டியே வேண்டாம். பயணத்துக்கு முன்னால் ஒரு மாதம் மாலையில் படித்துவிட்டுப் போங்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரியாததையா அவர்கள் சொல்லப் போகிறார்கள்? அம்மாவே வழிகாட்டட்டும்.


ஆர்னோக்கரை | பிப்ரவரி 10, பகல் 2.30

அப்பாவுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டியின் குறையா, 28 பேரைச் சேர்த்தவர்களின் குறையா? அங்கேதான் நாம் வேறுபடுகிறோம் என்று நினைக்கிறேன்.


பழையவழிகாட்டி | பிப்ரவரி 10, இரவு 8.20

வேறொரு நாட்டில் பதினேழு வருடம் இந்தத் தொழில் செய்தேன். அதனால் உள்ளேயிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பன்னிரண்டு பேர் வரை ஒருவரோடு ஒருவர் பேசலாம். பதினைந்து தாண்டினால் பேச்சு போய்விடும், அறிவிப்பு மட்டும்தான் மிஞ்சும். காதுக்கருவி இருந்தால் சத்தம் எட்டும், ஆனால் முகம் தெரியாது. கேள்வி கேட்க வாய் வராது. நான் இருபத்தைந்து பேரை அழைத்துப் போன நாட்களில் என் மூளையில் பாதி தலை எண்ணுவதில்தான் இருக்கும். நல்லவர், கெட்டவர் என்பதெல்லாம் அப்புறம். அத்தனை பேரோடு யாராலும் நன்றாகச் செய்ய முடியாது. ஆகவே பதிவு செய்யும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் "ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்" என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் அங்கே வாங்காதீர்கள்.

இத்தாலியில் வழிகாட்ட உரிமம் கட்டாயம். உரிமம் உள்ளவரிடம் அடையாள அட்டை இருக்கும். ஞானஸ்நான மண்டபத்துக்கு வெளியே உங்களை நிறுத்தி "வாங்க, இப்போதே உள்ளே கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். தப்பில்லை. உரிமம் உள்ளவர் சந்தோஷமாகக் காட்டுவார், ஏனென்றால் அதற்காகப் பரீட்சை எழுதியிருப்பார்.

தங்கை, இன்னொன்று. அம்மா வரலாற்று ஆசிரியை என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். முழங்கால் வலியையும், மகளுக்கு 12 வயது என்பதையும் எழுதுங்கள். நாங்கள் எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவான கதையைத்தான் சொல்வோம். வருகிறவர் முப்பது வருடம் இதைப் பாடமாக நடத்தியவர் என்று தெரிந்தால் முந்தின இரவு நான் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். கல்தூண் சொன்னதற்கும் இதுதான் என் பதில். அம்மாவுக்குத் தெரிந்தது வரலாறு. எந்தக் கல்லில் அது நடந்தது என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அந்தக் காலை நேரம் வேறு மாதிரி இருக்கும்.


செம்பருத்தி | பிப்ரவரி 11, காலை 9.10

எல்லோரும் தெருவையும் உஃபிட்ஸியையும் பற்றியே பேசுகிறீர்கள். தோட்டங்களைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே!

"தோட்டம்தானே, சும்மா நடந்துவிட்டு வரலாம்" என்றுதான் நானும் போபொலிக்குப் போனேன். பிட்டி அரண்மனைக்குப் பின்னால் சரிவு முழுவதும் வேலி, மரம், சிலை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். அடுத்த வருடம் தோட்டக்கலை தெரிந்த ஒரு பெண் வழிகாட்டியோடு மறுபடி போனேன். அதே தோட்டம்தானா என்று இருந்தது.

அரண்மனையின் பின்பக்கம் குதிரைலாட வடிவத்தில் ஒரு அரங்கம் இருக்கிறது. அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று கேட்டார். அரண்மனைக்குக் கல் வெட்டி எடுத்த குழியாம் அது. மலையில் பள்ளம் விழுந்த இடம் அரங்கமாயிற்று, வெளியே வந்த கல் எதிரே அரண்மனைச் சுவராக நிற்கிறது. இதைக் கேட்ட பிறகு அந்தச் சுவரையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவில் நிற்கிற எகிப்தியத் தூபி ரோமிலிருந்த மெடிச்சி மாளிகையிலிருந்து வந்தது.

அப்புறம் புவோந்தலெந்தி குகை. 1583 முதல் 1593 வரை கட்டியது. முன்னறைச் சுவரெல்லாம் கசியும் சுண்ணாம்புப் பாறை போல. உற்றுப் பார்த்தால்தான் அந்தப் பாறைக்குள்ளிருந்து ஆடுகளும் மேய்ப்பர்களும் வெளியே வருவது தெரியும். நாலு மூலையிலும் மைக்கேலாஞ்சலோவின் முடிக்கப்படாத "கைதிகள்", பாறையிலிருந்து பாதி வெளிவந்து தோளால் கூரையைத் தாங்குவது போல. இப்போது இருப்பவை நகல்கள். அசல் நான்கும் அக்காடெமியாவில், டேவிட்டுக்குப் போகும் நடையில் நிற்கின்றன. எல்லோரும் அவற்றை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு டேவிட்டை நோக்கி விரைகிறார்கள். குகையைப் பார்த்துவிட்டு அக்காடெமியா போனால் அப்படி விரைய முடியாது. குகையைக் குறிப்பிட்ட நேரங்களில்தான் திறப்பார்கள், நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு எச்சரிக்கை: போபொலி நல்ல ஏற்றம், பல இடத்தில் சரளைக்கல். அரங்கமும் குகையும் கீழ்ப்பகுதியிலேயே இருக்கின்றன, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏப்ரல் நடு என்றால் பார்டினி தோட்டத்தில் விஸ்டீரியா கொடிப்பந்தல் ஊதா நிறத்தில் தொங்கும். ஆனால் அங்கும் ஏற்றம்தான். நீங்களும் மகளும் போகலாம்.

அம்மாவுக்கு நான் சொல்வது ஊருக்குச் சற்று வெளியே உள்ள காஸ்தெல்லோ மாளிகைத் தோட்டம். மெடிச்சி ஆட்சியாளர் முதலாம் கோசிமோ 1538இல் தொடங்கியது. பழைய எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு வகைகள் நூற்றுக்கணக்கில் பெரிய மண்தொட்டிகளில் வளர்கின்றன. குளிருக்குக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்து, வசந்தம் வந்ததும் வெளியே எடுப்பார்கள். அங்கே "பிட்ஸாரியா" என்று ஒரு மரம். ஒரே பழத்தில் ஒரு பக்கம் கடாரங்காய் போல மேடுபள்ளமாக மஞ்சள், மறுபக்கம் கசப்பு ஆரஞ்சின் நிறம். அழிந்தே போனது என்று நினைத்திருந்ததை 20ஆம் நூற்றாண்டில் மறுபடி கண்டெடுத்தார்கள். பொத்திச்செல்லியின் "வீனஸின் பிறப்பு" ஓவியத்தை 16ஆம் நூற்றாண்டில், கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி பார்த்ததும் இந்த மாளிகையில்தான். உஃபிட்ஸியில் அந்தப் படத்தின் முன்னால் நெரிசலில் நிற்கும்போது, அது ஒரு காலத்தில் இந்த எலுமிச்சை வாசத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.


தென்றல்வழி | பிப்ரவரி 11, இரவு 10.05

அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 1333, 1966 கல்வெட்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளத் தேதியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் மூன்று நாள் ஞாயிறு, திங்கள், செவ்வாய். இதில் ஏதாவது சிக்கல் உண்டா? பிள்ளைக்கு அருங்காட்சியகம் என்றாலே சலிப்பு, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.


பயணப்பை | பிப்ரவரி 12, காலை 7.30

சிக்கல் உண்டு. திங்களன்று உஃபிட்ஸி, அக்காடெமியா, பிட்டி அரண்மனை மூன்றுக்கும் விடுமுறை. போபொலி மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் மட்டும் மூடும், உங்கள் திங்கள் நடுவில் வருவதால் திறந்திருக்கும். எனவே ஞாயிறு உஃபிட்ஸி, திங்கள் தெருநடையும் தோட்டமும், செவ்வாய் அக்காடெமியா என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், கூட்டம் தாங்காது. நல்லவேளை, உங்களுடையது அது இல்லை.

18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளைக்கும் அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். மகளின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அம்மாவுக்கு உஃபிட்ஸியில் மின்தூக்கி உண்டு, கேட்டால் சக்கர நாற்காலியும் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிள்ளைக்குக் கலிலியோ அருங்காட்சியகம். உஃபிட்ஸிக்குப் பின்பக்கம், ஆற்றோரம். கலிலியோவின் தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன. கூடவே அவருடைய வலது கையின் நடுவிரல், கண்ணாடிக் கூண்டுக்குள் நேராக நிமிர்ந்து நிற்கும். சலிப்பு என்ற பேச்சே வராது. அப்புறம் சாந்தா குரோச்சேவில் அவருடைய கல்லறையைக் காட்டுங்கள். 1642இல் இறந்தவருக்குத் திருச்சபை தண்டித்தவர் என்பதால் அப்போது கௌரவமான கல்லறை கிடைக்கவில்லை. 1737இல்தான் உடலை இப்போதிருக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். விரலை எடுத்ததும் அப்போதுதான்.


கல்தூண் | பிப்ரவரி 12, பகல் 12.40

பழையவழிகாட்டி சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். 28 பேர் குழுவை வைத்து எல்லா வழிகாட்டிகளையும் எடை போட்டது சரியில்லைதான். தெருநடை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உஃபிட்ஸிக்கு என் கருத்து அப்படியே இருக்கிறது. தனியாகப் போங்கள், முன்னாலேயே நாலு படத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். நாலே நாலு. ஒவ்வொன்றின் முன்னாலும் இருபது நிமிடம். கூட்டம் அலை மாதிரி வரும், ஒரு குழு போனதும் ஒரு நிமிடம் இடம் காலியாகும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நிற்பது. உட்கார இருக்கை இருக்கும் அறைகளை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கு நான் செய்யாமல் விட்டது இது.


ஆர்னோக்கரை | பிப்ரவரி 12, மாலை 5.15

நாலு படம் என்பது நல்ல யோசனை. நான் ஒத்துக்கொள்கிறேன், என் ஓட்டும் அதற்கே.

உஃபிட்ஸிக்குள் நுழையும்போது அம்மாவிடம் ஒரு பெயரைச் சொல்லுங்கள். அவர்களுக்கே தெரிந்திருக்கும்: அன்னா மரியா லூயிசா, மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு. 1737இல் தம்பி ஜியான் கஸ்தோனே இறந்ததும் ஆட்சி வேறு வம்சத்துக்குப் போனது. புதிய ஆட்சியாளரோடு அவர் போட்ட ஒப்பந்தத்தில், குடும்பத்தின் ஓவியம், சிலை, நூல் எதுவும் ஃபுளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று எழுதி வாங்கினார். ஏன் என்பதற்கும் காரணம் எழுதியிருக்கிறார்: நாட்டுக்கு அணியாக, மக்களுக்குப் பயனாக, வெளியூர்க்காரர்களின் ஆவலை ஈர்ப்பதற்காக. நாம் அந்த வெளியூர்க்காரர்கள். கிட்டத்தட்ட முந்நூறு வருடம் முன்பே நம்மை அந்தத் தாளில் எழுதிவிட்டார்.


தென்றல்வழி | பிப்ரவரி 13, காலை 8.00

முடிவு செய்துவிட்டோம். ஞாயிறு உஃபிட்ஸி, வழிகாட்டி இல்லாமல், நாலு படம். திங்கள் காலை தனி வழிகாட்டியோடு இரண்டரை மணி நேரத் தெருநடை, மதியம் போபொலியின் கீழ்ப்பகுதி. செவ்வாய் அக்காடெமியா, கலிலியோ, சாந்தா குரோச்சே. காஸ்தெல்லோ இந்த முறை முடியாது, மனசில்லாமல்தான் விடுகிறேன். குவிமாடத்தையும் விட்டுவிட்டோம். மகள் பாட்டியோடு கீழேயே இருக்கிறேன் என்கிறாள். தனி வழிகாட்டிக்கு அம்மா தன் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கிறேன் என்று அடம்பிடிக்கிறார்கள். பழையவழிகாட்டி அண்ணா சொன்னபடி மின்னஞ்சல் எழுதிவிட்டேன்.


தென்றல்வழி | ஏப்ரல் 27, இரவு 9.20

வந்து நாலு நாள் ஆகிறது. யோசனை சொன்னவர்களுக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

உஃபிட்ஸியில் மூன்று மணி நேரம். நாலு படம் என்று போனோம், அம்மாவால் ஐந்தாவதை விட முடியவில்லை. சக்கர நாற்காலியை முதலில் வேண்டாம் என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர்களே கேட்டு வாங்கினார்கள். கல்தூண், நீங்கள் சொன்ன அந்தக் காலி நிமிடம் எங்களுக்கு வீனஸ் முன்னால் மூன்று முறை கிடைத்தது. மூன்றாவது முறை அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்கள். உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை வழிகாட்டி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. கழுத்தில் அட்டை. எங்கள் மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். முதல் பத்து நிமிடம் எதுவுமே சொல்லவில்லை, அம்மாவிடம் கேள்விதான் கேட்டார். என்ன பாடம், எந்த வகுப்பு, துறவி சவொனரோலாவைப் பற்றி எப்படிச் சொல்வீர்கள் என்று. பிறகு சிஞ்ஞோரியா சதுக்கத்துக்கு அழைத்துப் போய்த் தரையில் பதித்த ஒரு வட்டக் கல்லின் பக்கத்தில் நிறுத்தினார். 1498 மே 23 அன்று சவொனரோலாவைத் தூக்கிலிட்டு எரித்த இடம். அம்மா அந்தக் கல்லைச் சுற்றி நடந்தார்கள், மிதிக்கவில்லை. "இந்தத் தேதியை நான் முப்பது தடவை தேர்வில் கேட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்கள்.

பேராலயத்தின் பின்பக்கம் தரையில் இன்னொரு வெள்ளைச் சலவைக்கல் வட்டம் காட்டினார். குவிமாட உச்சியிலிருந்த செம்புக் கோளம் நானூறு வருடங்களுக்கு முன் மின்னல் தாக்கி உருண்டு வந்து விழுந்த இடம். மகள் அங்கிருந்து அண்ணாந்து பார்த்து, "அவ்வளவு உயரத்திலிருந்தா!" என்று வாயைப் பிளந்தாள். குவிமாடம் ஏறாததற்கு எனக்கு இருந்த குறை அதோடு தீர்ந்தது.

இப்படியே நடந்து நேரி தெரு மூலைக்கு வந்தோம். ஆர்னோக்கரை, நீங்கள் சொன்ன செதுக்கிய கை அங்கேதான் இருக்கிறது. வழிகாட்டி முதலில் கீழே உள்ளதைக் காட்டினார், அம்மா தேதியைத் தானே வாசித்தார்கள். மேலே உள்ளதைக் காட்டியபோது அவர் குரல் மாறியது. அவருடைய அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயதாம், நூலகத்தில் சேற்றுப் புத்தகங்களை வாங்கிக் கைமாற்றிய வரிசையில் நின்றவராம். எண்ணெய் கலந்த சேறு, கையில் நாற்றம் வாரக்கணக்கில் போகவில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாராம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டரை மணி நேரம் என்று பேசியது, மூன்றே கால் ஆனது. கூடுதல் காசு வாங்க மறுத்துவிட்டார்.

போபொலியில் குகைக்குப் போன நேரம் சரியாக அமைந்தது. செம்பருத்தி, அரங்கப் பள்ளத்தையும் அரண்மனைச் சுவரையும் நாங்களும் மாறி மாறிப் பார்த்தோம். சரளைக்கல்லில் அம்மாவுக்குக் கொஞ்சம் சிரமம்தான், மேலே போகவில்லை. அடுத்த நாள் அக்காடெமியாவில் மகள் "கைதிகள்" முன்னாலேயே நின்றுவிட்டாள். டேவிட்டைப் பார்க்க அவளை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

கலிலியோவின் விரலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு மகள்தான் சொன்னாள்: "பாட்டி, அந்த ஒப்பந்தமும் 1737, கலிலியோவை மாற்றினதும் 1737." அம்மா அவள் முதுகில் தட்டிய தட்டு இருக்கிறதே!

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பேராலயத்துக்குள் வாசலுக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம், 24 மணிக்கு. முள் தலைகீழாக, இடப்பக்கமாகச் சுற்றுகிறது. ஓவியம் பாவ்லோ உச்செல்லோ, 1443 என்று அங்கே படித்தோம். ஏன் அப்படிச் சுற்றுகிறது என்று மகள் கேட்கிறாள். என்னால் சொல்ல முடியவில்லை.


ஆர்னோக்கரை | ஏப்ரல் 28, காலை 6.40

படித்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருந்தேன் அக்கா. அம்மாவுக்கு என் வணக்கம்.

கடிகாரத்துக்குப் பதில். அது சூரியன் மறைவதிலிருந்து நேரத்தை எண்ணுகிறது. முள் 24க்கு வரும்போது சூரியன் மறையும். 20இல் நின்றால் இருட்ட இன்னும் நாலு மணி நேரம் என்று அர்த்தம். வருடம் முழுவதும் சூரியன் மறையும் நேரம் மாறுவதால் அதை அவ்வப்போது திருத்தி வைப்பார்கள்.

சுற்றும் திசை சுவரில் பதித்த நிழற்கடிகாரத்தினுடையது. தெற்கு பார்த்த சுவரில் ஒரு குச்சியை நீட்டிச் செருகினால், காலையில் அதன் நிழல் இடப்பக்கம் விழும், உச்சியில் கீழே இறங்கும், மாலையில் வலப்பக்கம் போகும். அதுதான் அந்த முள்ளின் ஓட்டம். மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து வரும்போது உங்கள் வீட்டுத் தெற்குச் சுவரிலேயே மகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பென்சில் போதும்.